வீணை எஸ். பாலசந்தர்: அச்சமும் நாதமும்

எமது ஆண்டு மலரிலே நாயன்மார் சரித்திரம் வரும். நாவலர் பெருமானின் சரித்திரம் வரும். ஊருக்கு உழைத்த பெரியோரின் வரலாறுகள் வரும். இம்முறை, பார்ப்போரின் நெஞ்சு படபடக்கப் படமெடுத்த ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுந்திருக்கின்றோம். இதைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். வாலிபர்கள் சிலர் மற்றப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு இதையே முதலில் புரட்டவும் கூடும். இரு சாராருக்கும் ஒன்று சொல்லிவிட்டுத் தொடங்குகின்றோம். நாம் எழுத எடுத்துக்கொண்டவர் ஒரு வீணைக்காரர். யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடர் என்று தன் பெயருக்குக் கதை சொல்லும் நாட்டிலே, நரம்புக் கருவியைத் தன் உயிராகக் கொண்ட ஒருவருடைய கதைக்கு இடமில்லை என்று எவர் சொல்வார்?

அவர் பெயர் எஸ். பாலசந்தர். இளைஞர்கள் இப்பெயரைக் கேட்டவுடன் கே. பாலசந்தரை நினைத்துக்கொள்வார்கள். அவர் வேறு, இவர் வேறு. அவர் குடும்பக் கதைகளாலும் புதுமைப் பெண்களாலும் பெயர் பெற்றவர். இவரோ அவருக்கு முன்னரே படத்துறைக்கு வந்து, விரல் விட்டு எண்ணத்தக்க படங்களை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியவர். குழப்பம் வராதிருக்கப் பலரும் இவரை வீணை எஸ். பாலசந்தர் என்றே குறிப்பிடுவர். அவருக்கும் அந்த அடைமொழியே பிடித்திருந்தது போலும்.

பயம் என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய பண்டமன்று. மின்சாரம் வராத காலத்திலே, அரிக்கன் லாம்பின் வெளிச்சம் முற்றத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் கொத்தியும் முனியும் குடியிருந்தன. ஒற்றைப் பனையின் காவோலை சரசரத்தால் சிறுவர்கள் பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். ஆனால் அந்தப் பயத்திலே ஓர் ஆறுதலும் இருந்தது. பேய் எப்போதும் வேலிக்கு வெளியேதான் நின்றது. வீட்டுக்குள்ளே அப்பாவும் அம்மாவும் சுவாமி படமும் விளக்கும் இருந்தன. உள்ளே ஓடி வந்துவிட்டால் பிழைத்தோம். பாலசந்தர் தமிழ்ப் படத்துக்குச் செய்தது யாதெனில், அந்தப் பயத்தை வேலிக்கு உள்ளே, திண்ணைக்கு உள்ளே, படுக்கையறைக்கு உள்ளே கொண்டுவந்து விட்டதுதான். அவருடைய படங்களிலே ஓடி ஒளிய வீடு இல்லை. ஏனெனில் பயப்படவேண்டிய பொருள் வீட்டிலேயே இருந்தது.

அவர் பிறந்தது 1927-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் திகதி, சென்னை மயிலாப்பூரிலே. தந்தையார் சுந்தரம் ஐயர் சங்கீதத்திலே மோகங்கொண்டவர். பிள்ளைகள் யாவரும் கலைச்சூழலில் வளர்ந்தார்கள். மூத்தவர் எஸ். ராஜம் பாபநாசம் சிவனிடம் இசை பயின்றவர். பிற்காலத்தில் பெரிய ஓவியராகவும் விளங்கினார். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மும்மூர்த்திகளின் படங்கள் இசை வகுப்புகளிலே மாட்டப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுட் பெரும்பாலானவை ராஜம் தீட்டிய உருவங்களின் பிரதிகளே. தமையன் வரைந்த முகங்களுக்குப் பூப்போட்டு வணங்கும் எம்மவர் பலர், தம்பி எடுத்த படத்தைப் பார்த்து இரவில் தூங்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

1934-ஆம் ஆண்டிலே சீதா கல்யாணம் என்ற பேசும்படம் வெளிவந்தது. அதிலே ராஜம் இராமனாகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர், தந்தையாரே சனகர். அண்ணனும் தங்கையும் இராமனும் சீதையுமாக வேடங்கட்டலாமா என்று அந்நாளில் பேச்சு எழுந்தது. எம் ஊரிலும் எழுந்திருக்கும். அப்படத்திலே இராவணனுடைய சபையில் கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு ஒரு சிறு பையன் தோன்றுவான். அவனே நமது பாலசந்தர். கொடியிலே வீணையை எழுதிய மன்னனென்று போற்றப்படும் இலங்கேசுவரனுடைய சபையிலே அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார் என்பதை இலங்கையராகிய நாம் குறிப்பிடாமல் விடலாமா?

கஞ்சிராவுடன் அவர் நிற்கவில்லை. ஆர்மோனியம், தபேலா, தில்ருபா, சித்தார் என்று கைக்கு எட்டிய கருவியையெல்லாம் எடுத்து வாசித்தார். சிறு வயதிலேயே சித்தார்க் கச்சேரி செய்தார். சென்னை வானொலியிலும் கலைஞராக இருந்தார். இறுதியாக வீணையிடம் வந்து சேர்ந்தார். இவற்றுள் எதையும் அவர் ஒரு குருவினிடம் முறையாக உட்கார்ந்து கற்றவரல்லர். வீணையைத் தாமே தடவித் தாமே கண்டுபிடித்தார்.

குருவில்லாத வித்தை என்ற சொல் எம் சமூகத்திலே ஒரு வசையாகும். ஏகலைவன்கூட ஒரு மண்பதுமையைச் செய்து வைத்து வணங்கிவிட்டுத்தான் அம்பை எடுத்தான். பாலசந்தர் அதையும் வைக்கவில்லை; தமக்கு ஆசான் எவருமில்லை என்பதை மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை. இதைப் படிக்கும் வாலிபர்கள், அப்படியானால் நாமும் ஆசிரியரை விட்டுவிடலாம் என்று துள்ளவேண்டாம். ஆசான் இல்லாதவன் ஆசானுக்குரிய கண்டிப்பையும் தானே தன்மேல் செலுத்தவேண்டும். அது இரட்டைச் சுமை. பாலசந்தர் அந்தச் சுமையைச் சுமந்தார். ஆயினும் ஆசான் ஒருவர் இருந்திருந்தால் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துச் சில சண்டைகளைத் தவிர்த்திருப்பார் என்றும் எமக்குத் தோன்றுவதுண்டு. அச்சண்டைகளுக்குப் பின்னர் வருவோம்.

வாலிபரானபின் அவர் திரைக்குத் திரும்பி வந்தது பேய் வேடத்தோடு என்றால் நம்புவீர்களா? 1948-இல் இது நிஜமா என்ற படத்திலே இரட்டைச் சகோதரராக நடித்தார். ஒருவன் கொலையுண்டு, ஆவியாகி வந்து மற்றவனை ஆட்டுவிக்கும் கதை அது. அமெரிக்காவில் டானி கே நடித்த ஒரு நகைச்சுவைப் படத்தின் சாயல். அந்தப் பேய் சிரிக்க வைத்த பேய். அதே ஆண்டில் என் கணவர் என்ற படத்தைத் தாமே நெறிப்படுத்தி, தாமே கதாநாயகனாக நடித்து, தாமே இசையும் அமைத்தார். வயது அப்போது இருபத்தொன்று. 1951-இல் கைதி. அதிலும் நடிப்பு, நெறியாள்கை, இசை மூன்றும் அவரே.

நெறியாளர் ஆனபின்னரும் பிறர் படங்களில் நடிப்பதை அவர் விடவில்லை. 1954-இல் வெளிவந்த பெண் என்ற படத்திலே அவருக்காகச் சந்திரபாபு பின்னணி பாடினார். தாமே பாடவும் வாசிக்கவும் வல்ல ஒருவர், இன்னொருவர் குரலுக்கு வாயசைத்துக்கொண்டு துள்ளி ஆடினார். வீணையை மடியில் வைத்துக் கண்மூடி அமர்ந்திருக்கும் பாலசந்தரின் புகைப்படத்தை மட்டும் கண்டவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தால் திகைத்துப் போவார்கள்.

அதே 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அந்த நாள் வெளிவந்தது. இதைப்பற்றி நாம் சற்று விரிவாக எழுதவேண்டும்.

அந்நாளில் ஒரு தமிழ்ப் படத்துக்கு எத்தனை பாட்டு என்றுதான் முதலில் கேட்பார்கள். பாகவதர் காலத்துப் படங்களிலே பாட்டுக்கு இடையிடையே கதை வந்தது. ஐம்பதுகளிலே அது குறைந்திருந்தாலும், ஏழெட்டுப் பாட்டும் ஒரு நடனமும் ஒரு சண்டையும் இல்லாத படத்தை எந்த விநியோகஸ்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அத்தகைய காலத்திலே, ஒரு பாட்டுக்கூட இல்லாத, நடனமோ சண்டையோ இல்லாத தமிழ்ப் படத்தை எடுப்பதென்று பாலசந்தர் துணிந்தார். தென்னிந்தியாவிலே அவ்வாறு வந்த முதற் படம் அதுவே என்பர். பாட்டுத் தெரியாத ஒருவர் பாட்டை நீக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. நாடி நரம்பெல்லாம் சங்கீதமாயிருந்த ஒருவர் நீக்கினார் என்பதே சிந்திக்கத்தக்கது. பயப்படுகிறவன் பாடமாட்டான், பாட்டு வந்தால் பயம் போய்விடும். இருட்டில் நடந்து போகும் எம் ஊர்ச் சிறுவன் உரத்துத் தேவாரம் பாடுவது எதற்காக? பயத்தை விரட்டத்தானே. அந்த ஆறுதலைப் பார்ப்போருக்குக் கொடுப்பதில்லை என்று அவர் தீர்மானித்தார்.

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த ரஷோமோன் என்ற படம், அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவிலே முதற்பரிசு பெற்று உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு கொலையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் கதை அது. அதன் தூண்டுதலே பாலசந்தருக்கு விதையாயிற்று. கதை அவருடையது. திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ஜாவர் சீதாராமன். உடல் பொருள் ஆனந்தி என்ற மர்மத் தொடர்கதையைப் பிற்காலத்தில் எழுதியவர் இவர்தாம்; முதியோர் நன்கு அறிவர். படத்திலே துப்பறியும் அதிகாரியாக வருபவரும் அவரே.

காலம் 1943 ஒக்டோபர். யப்பானிய விமானம் சென்னையிலே குண்டு வீசிய நேரம். இங்கே எம் மூத்தோருக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பிலும், 9-ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசிய செய்தி எம் குடாநாட்டையும் எப்படிக் கலக்கியது என்பதை அவர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். வானத்தைப் பார்த்துப் பயந்த காலம் அது. அந்தக் காலத்தையே பாலசந்தர் தம் கதைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் படத்திலே அபாயம் வானத்திலிருந்து வருவதில்லை.

படம் தொடங்கியவுடனே ஒரு வெடிச்சத்தம். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். அவன் ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன். அவ்வேடத்தில் நடித்தவர் சிவாஜி கணேசன். பராசக்தியில் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்த, தமிழகமெங்கும் கொண்டாடப்பட்ட நடிகரை முதல் நிமிடத்திலேயே பிணமாக்கி விட்டார்! இதற்கு முன் வேறொரு நடிகரை வைத்துச் சிறிது தூரம் படமாக்கி, திருப்தியின்றி அதைக் கழித்துவிட்டுச் சிவாஜியை அழைத்தார்கள் என்பது படவுலகில் நெடுநாட் பேசப்பட்ட செய்தி. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கணக்குப் பார்க்கும் முதலாளி. அவரே ஏற்கெனவே எடுத்த படச்சுருளை ஒதுக்கச் சம்மதித்தார் என்றால், கதையிலே அவருக்கிருந்த நம்பிக்கையை உணரலாம்.

அப்புறம் விசாரணை. அடுத்த வீட்டுக்காரர் சின்னையா பிள்ளை, இறந்தவனுடைய தம்பி, தம்பியின் மனைவி, ராஜனுடன் உறவு வைத்திருந்த நடனக்காரி, கட்டிய மனைவி உஷா ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகத் தம் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதே ராஜன் வேறொரு ராஜனாக எழுந்து வருகிறான். அதே வெடி மறுபடியும் வெடிக்கிறது. சுட்ட கை மட்டும் மாறுகிறது. ஒரே மனிதன் ஒருவருக்கு நல்லவன், இன்னொருவருக்குப் பொல்லாதவன். மெல்ல மெல்ல உண்மை அவிழ்கிறது. தன் அறிவை நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பினால் பகைவனுக்கு உளவு சொல்லத் தலைப்பட்டவன் அவன். சுட்டவர் யார் என்பதை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காத வாலிபரின் சாபத்தைத் தேடிக்கொள்ள விருப்பமில்லை. உஷாவாக நடித்த பண்டரிபாயின் முகத்தை மட்டும் கவனித்துப் பார்க்கும்படி சொல்வோம்.

மாருதி ராவின் ஒளிப்பதிவிலே சாதாரண நடுத்தரக் குடும்பத்து வீடொன்று குகைபோல மாறிவிடுகிறது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருளில். மாடிப்படியின் கம்பிகளின் நிழல் ஒருவர்மேல் விழும்போது அவர் சிறையில் நிற்பவர்போலத் தோன்றுகிறார். படத்தின் இசையமைப்பாளரென்று எவருடைய பெயரும் பெரிதாகப் போடப்படவில்லை, ஏ. வி. எம். நிறுவனத்தைச் சேர்ந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவினரே பின்னணியை வாசித்தனர். நெறியாளரோ வீணை வித்துவான். தம் வீணையை அதிலே புகுத்தும் ஆசை அவருக்கு வரவில்லை. தம்மிடமுள்ள சரக்கை எல்லா இடத்திலும் விரித்துக் காட்டத் துடிக்கும் கலைஞரே மிகுந்த உலகத்தில் இது அரிய அடக்கம். அவருடைய மற்றக் குணங்களிலே அடக்கம் அதிகம் காணப்படவில்லை ஆதலால் இதை இங்கே பதிந்து வைக்கின்றோம்.

பாட்டுக் கேட்க வந்த சனங்கள் ஏமாந்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின, தேசிய விருதுகளிலே தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் முதல் வெளியீட்டிலே பணப்பெட்டி நிறையவில்லை. இந்த ஒரு செய்தி அவருடைய மிகுதி வாழ்வையும் தீர்மானித்தது என்று கூறினால் மிகையாகாது. அவர் எடுக்க விரும்பிய படத்தைச் சனங்கள் கேட்கவில்லை. சனங்கள் கேட்ட படத்தை எடுக்க அவர் விரும்பவில்லை. இடையிலே 1956-இல் தெலுங்கிலே ஏதி நிஜம், 1958-இல் தமிழிலே அவன் அமரன் என்று சில படங்களை நெறிப்படுத்தினார். பின்னர்ப் பிறர் பணத்தில் பிறர் சொற்கேட்டுப் படமெடுப்பது ஒத்துவராதெனக் கண்டு, எஸ். பி. கிரியேஷன்ஸ் என்ற தம் சொந்த நிறுவனத்தின் பெயரால் படமெடுக்கலானார். 1962-இல் அவனா இவன், 1964-இல் பொம்மை, அதன்பின் நடு இரவில்.

பொம்மையின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு செல்வரைக் கொல்வதற்காகப் பங்காளிகள் ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் வெடிகுண்டை வைக்கிறார்கள். பொம்மை தவறிப்போய்க் கை மாறி, கை மாறி, ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆங்கில நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக் 1936-இல் எடுத்த சபொட்டாஜ் என்ற படத்திலே, தன் கையில் இருப்பது குண்டென்று அறியாத சிறுவன் ஒருவன் அதைச் சுமந்துகொண்டு பேருந்தில் ஏறுவான். குண்டு வெடித்து அவன் இறந்து போவான். அப்படிச் சிறுவனைக் கொன்றது தம் பிழையென்று ஹிச்கொக் பிற்காலத்தில் வருந்தினார். அந்த விதையிலிருந்துதான் பொம்மை முளைத்தது. இவ்வகைப் படத்தின் சூட்சுமம் இதுவே: திடீரென்று வெடித்தால் பார்ப்போர் ஒரு கணம் திடுக்கிடுவர், அவ்வளவுதான். குண்டு உள்ளே இருக்கிறதென்று பார்ப்போருக்கு மட்டும் தெரிந்து, பொம்மையை அணைத்துக் கொஞ்சும் குழந்தைக்குத் தெரியாதிருந்தால், கொட்டகை முழுவதும் கதிரையின் விளிம்பிலே அமர்ந்திருக்கும். பேயுமில்லை, பிசாசுமில்லை, இருப்பதெல்லாம் ஒரு பொம்மை. எவரும் பயப்படாத பொருளை எடுத்து எல்லோரையும் பயப்பட வைத்தார்.

இந்தப் படத்திலே பாட்டுகள் இருந்தன. இளைஞராயிருந்த கே. ஜே. யேசுதாசைத் தமிழுக்கு அழைத்து வந்து பாடவைத்தவர் பாலசந்தரே. பாட்டை வெறுத்தவரல்லர் அவர் என்பதற்கு இது போதிய சான்று.

நடு இரவில் எமது கருத்திலே அவருடைய படங்களுட் பயங்கரத்தில் முதன்மையானது. மூலக்கரு அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலினுடையது: ஒரு தீவு, அங்கே கூட்டிச் சேர்க்கப்பட்ட சிலர், ஒருவர்பின் ஒருவராக மாண்டு போகிறார்கள், கொன்றவரும் அவர்களுள் ஒருவரே. ஆங்கில நாவலிலே தீவில் கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாலசந்தர் அவர்களை உறவினராக்கி விட்டார். இதைத்தான் நாம் பெரிய மாற்றமென்று கருதுகின்றோம். தயானந்தம் என்ற செல்வர் தீவிலே தனி மாளிகையில் வாழ்கிறார்; மேஜர் சுந்தரராஜன் அவ்வேடத்தை ஏற்றார். மனைவி பொன்னி சித்தங் கலங்கியவள். அது பண்டரிபாயின் பங்கு. செல்வருக்கு நாள் குறிக்கப்பட்டு விட்டதென்று வைத்தியர் கூறி, உறவினரை வரவழைக்கிறார். வைத்தியராக நடித்தவர் பாலசந்தரே. சொத்தின் வாசனை பிடித்து வந்த அண்ணன் தம்பி, மச்சான் மருமகன், சித்தி பெரியம்மா எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். அப்புறம் விளக்கு அணைகிறது.

சீதனக் காணியையும் முதுசக் காணியையும் பற்றி ஒரே பந்தியில் இருந்து உண்டுகொண்டே மனத்துக்குள் கணக்குப் போடும் வழக்கம் எம் குடாநாட்டுக்கு அந்நியமன்று. ஆதலால் இந்தப் படத்தை யாழ்ப்பாணத்தார் எவரும் பிறநாட்டுக் கதையாகப் பார்க்கவேண்டியதில்லை. அந்தக் கூடத்திலே அமர்ந்திருப்பவர்களை நமக்குத் தெரியும். அவர்களுடைய பேச்சிலுள்ள தேனும் தெரியும், அதன் அடியிலுள்ள நஞ்சும் தெரியும். மாளிகையின் நீண்ட நடைபாதைகளும், இரவிலே கேட்கும் பொன்னியின் ஓலமும், எவருடையதென்று தெரியாத காலடியும் பயமூட்டுவது உண்மை. ஆனால் அவற்றையெல்லாம் விடப் பயங்கரமானது, பொழுது விடிந்ததும் உறவினர் ஒருவரையொருவர் பார்க்கும் அந்தப் பார்வை.

படம் அறுபதுகளின் நடுப்பகுதியிலேயே எடுத்து முடிந்துவிட்டது. வாங்கி வெளியிட ஆளில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்த படம் பெட்டியிலே ஆண்டுக்கணக்காய் உறங்கியது. 1970-இல்தான் அது வெளிவந்தது. அதற்கிடையில் பட்டணத்தில் ரசனை மாறிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தின் காலமும் கழிந்துகொண்டிருந்தது. அதற்குப்பின் அவர் வேறு படம் எடுக்கவில்லை. வயது நாற்பத்துமூன்று. பொதுவாக ஒரு நெறியாளர் தம் முழு வலிமையோடு தொழிற்படத் தொடங்கும் வயது அது. தமிழ்ப் படவுலகம் அவரை வெளியே துரத்தவில்லைதான். ஆனால் இரு என்று சொல்லவுமில்லை. அவர் இன்னும் ஐந்தாறு படங்கள் எடுத்திருந்தால், பேய்ப்படம் என்றாலே வெள்ளைச் சேலையும் சலங்கைச் சத்தமும் ஒரு பாட்டுந்தான் என்ற நிலை தமிழுக்கு நேர்ந்திராது என்பது எமது துணிபு. இதை மறுப்போர் இருக்கலாம், மறுக்கட்டும்.

திரையின் நட்டம் வீணையின் இலாபமாயிற்று. படமெடுத்த காலத்திலும் அவர் வீணையைக் கைவிட்டவரல்லர். அறுபதுகளிலேயே அவருடைய இசைத்தட்டுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. 1970-க்குப்பின் முழுப்பொழுதும் அதற்கேயாயிற்று. வீணை படிக்கும் எம் பிள்ளைகள் அவருடைய வாசிப்பை ஒருமுறை கவனமாகக் கேட்கவேண்டும். வீணையிலே 24 மெட்டுகள். மெட்டுக்கு மெட்டு விரல் தாவி, தாவுந்தோறும் மீட்டி வாசிப்பது ஒரு முறை. பாலசந்தரோ ஒரே மெட்டிலே விரலை வைத்து, ஒருமுறை மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிறப்பிப்பார். மீட்டிய ஒலி மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய அதற்குள்ளிருந்து இராகம் வெளிவரும். வாய்ப்பாட்டுக்காரர் மூச்சை நீட்டுவதுபோல் இருக்கும் அது. அடுத்த மீட்டு எப்போது விழுமோ என்று கேட்பவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலே, அந்த நாள் படத்தில் ஒரு கதவு திறப்பதற்கு முன்னே வரும் மௌனம் நமக்கு ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒரே கையின் வேலை.

கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்து 12 இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். அவற்றுட் பல கச்சேரி மேடையிலே எவரும் தொடாதவை. விவாதி மேளங்களென்று பெரியோர் ஒதுக்கி வைத்தவையும் உண்டு. 1982-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

இனிச் சண்டைகள். புதிய இராகங்களைப் படைத்ததாக எம். பாலமுரளிகிருஷ்ணா கூறியபோது, அது பொருந்தாதென்று பாலசந்தர் வாதிட்டார். எண்பதுகளிலே அதைவிடப் பெரிய வழக்கொன்றைக் கிளப்பினார். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றியவையாகப் பாடப்படும் கிருதிகள் உண்மையில் அம்மன்னருடையவை அல்ல என்பது அவர் கட்சி. செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் போன்ற பெருமக்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். பாலசந்தர் ஓயவில்லை. கடிதத்துக்குமேல் கடிதம், கட்டுரைக்குமேல் கட்டுரை. மன்னர் புகழுடையவர், அறிஞர் பலர் ஏற்றுக்கொண்டவர். அவ்வழக்கிலே பாலசந்தர் வென்றாரென்று நாம் கூறமாட்டோம். எழுதிய முறையிலும் காரம் மிகுதி. நண்பர்களை இழந்தார்; சபாக்கள் சில முகந்திருப்பின. மனிதரைப் பகைக்காமலே கருத்தை மறுக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. அதையும் தாமாகவே கற்றுக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை.

ஆனாலும் அந்தச் சண்டைக்காரரையும் அந்தப் படக்காரரையும் வேறுவேறாகப் பிரிக்க முடியுமா என்று நாம் யோசித்ததுண்டு. ஒரே நிகழ்ச்சியை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்று கேட்டவர் அவர். எல்லோரும் ஒரே விதமாகச் சொல்கிறார்களே, ஆகவே நம்பிவிடலாம் என்று அடங்கியிருக்க அவரால் எப்படி முடியும்? துப்பறியும் அதிகாரியின் கண் அவருக்குப் படம் முடிந்தபின்னும் மூடவில்லை.

கடைசிவரை அவர் வீணையோடு ஊரூராகப் போய்க்கொண்டிருந்தார். 1990-ஆம் ஆண்டிலும் அப்படித்தான் ஒரு கச்சேரிப் பயணமாக, அந்நாளில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த பிலாய் என்னும் உருக்காலை நகருக்குச் சென்றிருந்தார். அங்கே, தமிழ் பேசும் ஊர்களிலிருந்து வெகுதூரத்தில், ஏப்ரல் 13-ஆம் திகதி காலமானார். அந்த நாள் திரைக்கு வந்து அன்றோடு சரியாக முப்பத்தாறு ஆண்டுகள். அவருக்கு வயது அறுபத்துமூன்று.